ஓர் அடுப்பு, இரண்டு உலை

எங்கள் குடியிருப்பில் நாற்பத்தாறு அடுப்புகள் இருந்தன. குடும்பங்களோ நாற்பத்தேழு. துறைமுகத்தில் கப்பலில் இருந்து இறங்குகிற மூட்டைகளை எண்ணி அடையாளமிடும் கிளாக்கராக அரைவாழ்நாள் நின்றவன் நான். கண்ணில் படுவதை எண்ணாமல் விட எனக்கு ஏலாது. சாப்பிட இருந்தால் தட்டில் கிடக்கிற மிளகாய்ப் பொரியலைக்கூட எண்ணுகிறேன் என்று மகள் சிரிக்கிறாள். சிரிக்கட்டும். நாற்பத்தாறுக்கும் நாற்பத்தேழுக்கும் இடையில் இருக்கிற அந்த ஒன்று எவ்வளவு பாரம் என்று அவளுக்குத் தெரியாது. அவள் அப்போது கைப்பிள்ளை.

உட்துறைமுகத்தின் கரையில், வெள்ளைக்காரரின் கடற்படை விட்டுவிட்டுப் போன காணியில்தான் இருந்தோம். அவர்கள் போனபோது வேலையையும் கொண்டு போனார்கள், பலகையையும் தகரத்தையும் விட்டுப் போனார்கள். அந்தப் பலகையிலும் தகரத்திலும்தான் எங்கள் வீடுகள். என் வீட்டுக் கதவு முன்பு ஏதோ ஒரு கப்பலில் அலுமாரிக் கதவாக இருந்தது. உட்பக்கத்தில் இங்கிலீசில் எண்கள் குத்தியிருந்தன. படுத்துக்கொண்டு அவற்றைக் கூட்டிப் பார்ப்பது என் பழக்கம். கச்சான் காற்று பிடித்தால் தகரம் முழுக்கக் கதை பேசும். தார் மணமும் கருவாட்டு மணமும் கலந்து வரும். சொல்லப்போனால் நாற்றம்தான். ஆனாலும் இன்று யாராவது தெருவுக்குத் தார் போட்டால் நான் வாசலில் போய் நிற்கிறேன்.

எங்களுக்கு அடுத்த வீட்டில் மூதூரிலிருந்து வந்த ஒரு முஸ்லிம் குடும்பம். அந்த வீட்டுப் பெண்ணை என் மனைவி, அவர்கள் அக்காவைச் சொல்கிற மாதிரி, ராத்தா என்று கூப்பிட்டாள், குடியிருப்பே அப்படித்தான் கூப்பிட்டது. ராத்தாவின் கணவர் துறைமுகத்தில் மூட்டை சுமந்தார். அவர் சுமந்ததை நான் எண்ணினேன். நான் அவரை, அண்ணன் என்ற முறையில், நானா என்பேன். அதிகம் கதைக்காத மனிதர். அவர்களுக்கு ஒரே மகள்.

அந்தப் பெரிய புயல் அடித்த மார்கழியில் ராத்தாவின் குசினி பறந்து கடலுக்குள் போனது. எங்கள் குசினி எப்படியோ தப்பியது. அதில் சமைத்தது மண்ணால் கட்டிய கொடியடுப்பில். விறகு வைக்கிற வாய் ஒன்றுதான், ஆனால் அதே நெருப்பின் சூட்டில் பக்கத்துக் கொடியிலும் ஒரு பானை வேகும். "கூரை போடும் வரைக்கும் இந்தக் கொடியில உலையை வையுங்கோ ராத்தா" என்று மனைவி சொன்னாள். கூரை போட்டும் ராத்தா போகவில்லை. மனைவி போகச் சொல்லவுமில்லை. பதினைந்து வருடம் அந்த ஒரு நெருப்பில் இரண்டு உலை கொதித்தன.

அதற்கு அவர்களுக்குள் ஒரு முறை இருந்தது, யாரும் உட்கார்ந்து பேசி வகுத்ததல்ல. எந்த வீட்டு ஆம்பிளை முதலில் வேலைக்குப் போக வேண்டுமோ அந்த வீட்டுப் பானை நெருப்புக்கு நேர்மேலே, பெரிய அடுப்பில் ஏறும், மற்றது கொடியில். வெள்ளிக்கிழமைகளில் எங்கள் சைவச் சமையல் இறங்கும் வரை ராத்தா மீன் சட்டியைத் தொட மாட்டா. மாட்டிறைச்சி அந்த அடுப்பில் ஏறியதே இல்லை. பெருநாளுக்கு அவர்கள் மூதூருக்குப் போய் ராத்தாவின் உம்மா வீட்டில் தின்றுவிட்டு வருவார்கள். நோன்பு மாதத்தில் ராத்தா வெள்ளனவே எழும்பி நெருப்பு மூட்டுவா. மார்கழியில் அது மனைவியின் வேலை. மற்ற நாட்களிலும் யாராவது ஒருத்தி முந்திவிடுவாள். அதனால் லேனில் முதலில் புகைவது எங்கள் அடுப்புத்தான். விடிந்ததும் பெண்கள் சிரட்டையோடு தணல் எடுக்க வரிசையில் நிற்பார்கள். தீப்பெட்டி மிச்சம் என்று எல்லோருக்கும் சந்தோசம். எனக்கு மட்டும் எங்கள் விறகு குறைகிறதே என்று கவலை. இரண்டு தடவை சொல்லியும் பார்த்தேன். மனைவி காதில் விழுத்தவில்லை.

எழுபதுகளின் கடைசியில், துறைமுகத்துக்கு அந்தக் காணி வேண்டும் என்ற கதை வந்தது. முன்பும் வந்த கதைதான். ஆனால் இந்தமுறை ஒரு புதிய விசயம் சேர்ந்து வந்தது. சும்மா கலைக்க மாட்டார்களாம். அன்புவழிபுரம் போகிற வழியில் காணி தருவார்களாம். சீமெந்தும் கூரைச் சாமானும் கடனுக்குக் கிடைக்குமாம். அச்சில் சீமெந்துக் கல்லரிந்து சுவரெழுப்புவது நாங்கள். யாருக்குப் பக்கத்தில் யார், குசினி எந்தப் பக்கம், கிணறு எங்கே என்பதையெல்லாம் குடியிருப்புச் சங்கம் கூடித் தீர்மானிக்கலாமாம். அந்தச் சங்கத்துக்குக் காரியதரிசி நான். எழுதத் தெரிந்தவன், எண்ணத் தெரிந்தவன் என்பதைத் தவிர வேறு தகுதி கிடையாது. முதல் கூட்டத்தில் நான் நித்திரை கொள்ளாமல் யோசித்து வந்த பதினோரு சந்தேகங்களைக் கேட்டேன். ஏழாவது சந்தேகத்தில் மீன்கார அக்கா எழும்பிப் போய்விட்டா.

மீன்கார அக்கா எங்கள் எதிர்ச்சாரி வீட்டுக்காரி. தலையில் கடகம் வைத்து நகரமெல்லாம் மீன் விற்பவ. அவவின் குரல் அவவுக்கு முன்னால் வரும். கலியாணம் செய்த மகனும், தாய்வீடு இல்லாத மருமகளும் அவவோடுதான் இருந்தார்கள்.

வீட்டுத்திட்டத்துக்கு எங்கள் பக்கம் அனுப்பப்பட்டவர் கட்டட வேலையை மேற்பார்க்கிற ஓர் இளம் ஓவசியர். யாழ்ப்பாணப் பக்கத்துப் பொடியன், மரியாதையாகக் கதைப்பார். குடும்பங்களை எப்படிக் கணக்கெடுப்பது என்ற கேள்விக்கு அவருடைய மேலிடம் ஒரு விதி வைத்திருந்தது. கதவை எண்ணினால் ஆட்கள் புதுக் கதவு வெட்டுவார்கள். தலையை எண்ணினால் ஊரிலிருந்து தலைகள் வரும். ஆகவே அடுப்பை எண்ணுவது. ஓர் அடுப்பு, ஒரு குடும்பம், ஒரு காணி.

இது இரகசியமாக இருக்க வேண்டிய விதி. தேத்தண்ணிக் கடையில் ஓவசியர் பிளேன்டீ குடித்துக்கொண்டே தன் உதவியாளருக்குச் சொன்னதைக் கடைக்காரர் கேட்டுவிட்டார். அன்று பின்னேரம் கரையில் கல் இல்லாமல் போனது. கடற்படை கட்டிவிட்டுப் போன ஒரு பழைய மதில் இருந்தது, அதிலும் பாதியைக் காணவில்லை. குளத்து மண் சாக்கில் வந்தது. அப்பனுக்கும் மகனுக்கும் அடுப்பு. அண்ணனுக்கும் தம்பிக்கும் அடுப்பு. ஒரு வீட்டில் ஆட்டுக்கொட்டிலில் அடுப்பு. நான் ஒருமுறை நடந்து பார்த்தேன். எழுபத்தொன்று. பயந்து திரும்ப எண்ணினேன். அதற்குள் எழுபத்துமூன்று.

எங்கள் வீட்டுக்கு அந்தப் பக்கம், ராத்தா வீட்டில்தான் புது அடுப்பு இல்லை.

"ராத்தா, நீங்களும் மூன்று கல்லை வையுங்கோ" என்றேன். "மற்றவை வைக்கிறது பொய். நீங்கள் வைச்சால் அது உண்மைதானே. நீங்கள் தனிக்குடும்பம்."

ராத்தா சுளகில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தா. "கிளாக்கர் தம்பி, அடுப்புப் பிரிக்கிறதெண்டால் என்ன கதையெண்டு உங்களுக்குத் தெரியாதா? நாளைக்கு ஊர் கேக்கும், ரெண்டு பேருக்கும் என்ன சண்டையெண்டு. பதினஞ்சு வருசத்தில நான் இவவோட ஒரு சொல்லுக்குப் போனதில்ல. இப்ப காணிக்காகப் பிரியிறதா?"

மனைவியைப் பார்த்தேன். அவள் அடுப்பை ஊதிக்கொண்டே சொன்னாள்: "ராத்தாவை நான் என்ர அடுப்பில இருந்து இறக்கினன் எண்ட பேர் எனக்கு வேண்டாம். உங்கட எண்ணிக்கையைக் கொண்டு அங்கால போங்கோ."

எனக்கு ஏன் பதற்றம் என்று சொல்ல வேண்டும். எங்கள் கிழக்கில் கலியாணம் முடிந்தால் மாப்பிள்ளைதான் பெண்வீட்டுக்கு வருவது. இந்துவோ முஸ்லிமோ, பெண்ணைப் பெற்றவர் மகளுக்கு வீடு கொடுக்க வேண்டும். ராத்தாவின் மகளுக்குக் கிண்ணியாவில் ஒரு பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. நல்ல பையன், தச்சுவேலை தெரிந்தவன். பையனின் பெரியும்மா ஒன்றைத்தான் கேட்டிருந்தா: "வீடு உங்கட பேரில வருமா?" வரும் என்று நானா சொல்லி அனுப்பியிருந்தார். காணி இல்லையென்றால் வீடு இல்லை. வீடு இல்லையென்றால் அந்தப் பெண்பிள்ளைக்கு அந்தக் கலியாணம் இல்லை. அவள் என் மடியில் இருந்து எண் படித்தவள். நூறுக்கு மேல் அவளுக்கு நான்தான் சொல்லிக்கொடுத்தேன்.

கணக்கெடுப்பு நாள் ஓவசியர் ஒரு குடையோடு வந்தார். காரியதரிசி என்ற முறையில் நான் கூடவே போனேன். முதல் வீட்டில் இரண்டு அடுப்பு. அவர் அடுப்பைக் குனிந்துகூடப் பார்க்கவில்லை. குடை நுனியால் மேலே குசினிக் கூரையின் ஓலைக் கிடுகைச் சுரண்டினார். பழைய அடுப்புக்கு மேலே கிடுகு கறுத்து, மெழுகு பூசியதுபோல் மினுங்கியது. புது அடுப்புக்கு மேலே அது பழுப்பாகவே இருந்தது.

"ஐயா, அடுப்பை ஒரு நாளில கட்டலாம். புகையைக் கட்டேலாது" என்று வீட்டுக்காரரிடம் மெதுவாகச் சொன்னார்.

லேன் முழுக்க அந்தக் குடை நடந்தது. ஆட்டுக்கொட்டிலில் ஆடு அடுப்பின் மேல் ஏறி நின்றுகொண்டிருந்தது. ஓவசியர் சிரிக்காமல் அதைச் சுற்றிப் போனார். மீன்கார அக்கா வீட்டில் புது அடுப்புக்கு மேலே கிடுகில் கரி இருந்தது. அவர் விரலால் தொட்டு மணந்து பார்த்தார். சட்டிக் கரியைத் தேங்காயெண்ணெயில் குழைத்துப் பூசியிருந்தா.

"என்ன அக்கா, உங்கட புகை நல்லெண்ணெயில வருமோ?"

"தேங்காயெண்ணெய் தம்பி. நல்லெண்ணெய் வாங்க வசதியிருந்தால் நான் ஏன் இஞ்ச இருக்கிறன்?"

கடைசியில் கணக்கு நாற்பத்தாறில் வந்து நின்றது. என் கணக்கும் அதுதான். மூட்டைக் கணக்கு ஒத்துப்போனால் எனக்கு நெஞ்சு குளிரும். அன்று குளிரவில்லை. எங்கள் வீட்டு வாசற்காலில் சிவப்பு மையால் எண் எழுதிவிட்டு, ராத்தாவின் வாசலில் ஓவசியர் நின்றார்.

"இஞ்ச அடுப்பு இல்லையே. நீங்கள் எந்தக் குடும்பத்தோட சேர்ந்த ஆக்கள்?"

நானா தலையைக் குனிந்து நின்றார். ராத்தா, "நாங்க எங்கட ஆக்கள்தான்" என்று மட்டும் சொன்னா. மகள் கதவுக்குப் பின்னால் நின்றாள். நான் விளக்கத் தொடங்கினேன். புயல், குசினி, கொடியடுப்பு, எந்தப் பானை எப்போது ஏறும் என்று எல்லாவற்றையும் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"எனக்கு விளங்குது ஐயா. ஆனால் நெருப்பு வாய் ஒண்டு. நான் ரெண்டெண்டு எழுதினால் நாளைக்கு என்னைக் கேப்பினம். ஒரு வழி இருக்கு. உங்கட சங்கம் கூடி இவை தனிக்குடும்பம் எண்டு சொல்லட்டும். ஒருத்தரும் மறுக்கக் கூடாது. ஒருத்தர் மறுத்தாலும் என்னால ஏலாது."

ஒருத்தரும் மறுக்கக் கூடாது. இருபத்தேழு பொய் அடுப்புகள் கணக்கில் அடிபட்டிருந்த அன்று, அது நடக்கிற காரியமா?

கூட்டம் அடுத்த ஞாயிறு, தேத்தண்ணிக் கடைக்கு முன்னால். நான் விசயத்தைச் சொல்லி முடிக்கவில்லை, மீன்கார அக்கா எழும்பிவிட்டா.

"அவவுக்கு ஒரு அடுப்பில ரெண்டு காணியெண்டால் எனக்கும் ரெண்டு. என்ர மகன் பெண்சாதியோட இருக்கிறானா இல்லையா? என்ர அடுப்பு மட்டும் என்ன பாவம் செய்தது?"

பின்னால் இருந்து ஏழெட்டுக் குரல்கள் சேர்ந்தன. அண்ணன் தம்பிக்காரர், ஆட்டுக்கொட்டில்காரர் எல்லோரும். ஓவசியர் மைப் போத்தலைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தார். நான் மறுக்கிற தலைகளை எண்ணிக்கொண்டிருந்தேன். ஒன்று போதும் என்று தெரிந்தும் எண்ணினேன்.

கூட்டங்களில் வாய் திறக்காத என் மனைவி எழும்பினாள்.

"அக்கா, காலமையில தணல் எங்கயிருந்து எடுக்கிறனீங்கள்?"

"உங்கட அடுப்பில. அதுக்கென்ன இப்ப?"

"ஆரிட்டக் கேட்டு எடுக்கிறனீங்கள்?"

மீன்கார அக்கா யோசித்தா. "நீ நிண்டால் உன்னட்ட. ராத்தா நிண்டால் ராத்தாட்ட."

"ராத்தாட்டக் கேக்கேக்க, வீட்டுக்காரியிட்டக் கேட்டனீங்களோ, வந்து நிண்ட ஆளிட்டக் கேட்டனீங்களோ?"

துறைமுகத்தில் ஒரு பாரந்தூக்கி கிறீச்சிட்டது. மீன்கார அக்கா சேலைத் தலைப்பை உதறி இடுப்பில் செருகினா. சண்டைக்குத்தான் என்று நினைத்தேன்.

"வீட்டுக்காரியிட்டத்தான் கேட்டனான்" என்றா. "ஒருநாள் உன்ர புருசன் விறகு குறையுதெண்டு முகத்தை நீட்டிக்கொண்டு நிண்டவர். அப்பவும் ராத்தாதான் தன்ர விறகெண்டு சொல்லித் தணலை அள்ளித் தந்தவ." எல்லோரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். அவ ஓவசியர் பக்கம் திரும்பினா. "தம்பி, அடுப்பை எண்ணாதேங்கோ. உலையை எண்ணுங்கோ. அந்த நெருப்பில ரெண்டு உலை. இந்த லேனில ஒரு பொம்பிளையும் அதை இல்லையெண்டு சொல்லமாட்டாள்."

"அப்ப உங்கட வீட்டில எத்தனை உலை அக்கா?" என்று ஓவசியர் கேட்டார்.

"ஒண்டு. என்ர மருமகளுக்குத் தனிய உலை வைக்கத் தெரிஞ்சிருந்தால் நான் இவ்வளவு மெலிஞ்சிருப்பனா?" மீன்கார அக்கா இரண்டு கதிரைக்குப் பாரமான ஆள். சிரிப்பு அடங்க நேரமெடுத்தது.

அந்தச் சிரிப்பில் அண்ணன் தம்பிக்காரர் உட்கார்ந்துவிட்டார்கள். மறுக்கிறவர் யாராவது உண்டா என்று ஓவசியர் கேட்டார், நானும் ஒருமுறை கேட்டேன், பயத்தில் இன்னொருமுறையும் கேட்டேன். "இருங்கோ ஐயா, நீங்களே ஆளை எழுப்பிவிடுவீங்கள் போல" என்றார் தேத்தண்ணிக் கடைக்காரர். ஓவசியர் ராத்தா வீட்டு வாசற்காலில் சிவப்பு மையால் நாற்பத்தேழு என்று எழுதினார். மை காயும் வரை நானா அதன் முன்னால், காற்றில் வரும் மணல் ஒட்டாமல் மறைத்துக்கொண்டு நின்றார்.

வீடு கட்டிய அந்த வருடத்தைப்போல் ஒரு வருடம் எனக்கு அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. முறை வைத்துக் கல்லரிந்தோம். ஓவசியரின் படத்தில் குசினி முன்பக்கம் இருந்தது. தெருவால் போகிறவன் எங்கள் சட்டிக்குள் எட்டிப்பார்க்க வேண்டுமா என்று பெண்கள் கேட்டார்கள். குசினி பின்பக்கம் போனது. எங்கள் இரண்டு வீடும் அடுத்தடுத்துத்தான் வரவேண்டும் என்பதைச் சங்கம் விவாதிக்கவே இல்லை. பின்னேரங்களில் வேலை முடிந்து எல்லோரும் சீமெந்து நிறத்தில் திரும்புவோம். யார் இந்து யார் முஸ்லிம் என்று தாய்க்குக்கூடத் தெரியாது. நான் எல்லாவற்றையும் எண்ணினேன், கல்லை, கூடையை, தேத்தண்ணிக் கோப்பையை. ஒருவரும் கோபிக்கவில்லை. "கிளாக்கர் எண்ணினால்தான் சுவர் நிமிந்து நிக்கும்" என்றார்கள்.

புதுவீட்டில் மனைவி மறுபடியும் கொடியடுப்பே கட்டினாள். ராத்தாவின் குசினியிலும் ஓர் அடுப்புக் கட்டியாயிற்று. ஆனால் அது விறகும் தேங்காய்ப் பொச்சும் அடுக்குகிற இடமாகத்தான் இருந்தது. உலை இரண்டும் பழையபடி எங்கள் வீட்டில்.

அப்படியிருக்க ஒரு காலை நேரம் ஆள் வந்து சொன்னான், கிண்ணியாவிலிருந்து மாப்பிள்ளையின் பெரியும்மா பின்னேரம் வீடு பார்க்க வருகிறாவாம். ராத்தா முற்றம் கூட்டினா, பாய் உதறினா. மீன்கார அக்கா கடகத்தோடு போன வழியில் குசினிக்குள் எட்டிப் பார்த்தா. லேன் முழுக்கக் கேட்கக் கத்தினா:

"அடியே, இந்த அடுப்பில கரி இல்லை! வாறவள் குசினியைத்தான் முதல் பாப்பாள். ஆரோ ஒருத்தற்ற வீட்டை ஒருநாளுக்குக் காட்டுறீங்கள் எண்டு நினைப்பாளடி!"

மீன் விற்கப் போகாமல் கடகத்தை அங்கேயே இறக்கினா. விறகை வெளியே அள்ளிப் போட்டார்கள். நான் வாசலில் நின்று பார்த்தேன். ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஒருத்தி சிரட்டையில் தணலோடு வந்துகொண்டிருந்தாள். எங்களிடம் தணல் வாங்கிப் போனவர்கள், இந்தமுறை கொண்டு வந்தார்கள். இத்தனை வருடத்தில் அன்றுதான் நான் எண்ண மறந்தேன். ஈரப் பொச்சு வைத்துப் புகைத்தார்கள். அடுப்பில் மனைவியின் பானையும் ராத்தாவின் பானையும் ஏறின. பகல் முழுக்க எதையாவது சமைத்தார்கள். சுவர் மெல்லக் கறுத்தது.

பெரியும்மா வந்தா. சொன்னபடி குசினிக்குத்தான் முதலில் போனா. இருமினா, கண்ணைத் துடைத்தா, விரலால் சுவரைத் தொட்டுப் பார்த்தா. "புழங்குற வீடுதான்" என்றா. மீன்கார அக்கா மூச்சு விட்டது முன்வாசலில் நின்ற எனக்குக் கேட்டது.

கலியாணம் நடந்தது. மாப்பிள்ளை வந்து அந்த வீட்டில் இருந்தான். மருமகன் வந்த வீட்டின் உலை அடுத்த வீட்டில் கொதிக்க முடியாது. ராத்தா தன் குசினியில் சமைக்கத் தொடங்கினா. அடுப்புப் பிரிந்தது என்று ஒருவரும் சொல்லவில்லை, பிரிந்ததாக ஒருவரும் நினைக்கவும் இல்லை. கறி வேலிக்கு மேலால் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போய் வந்தது.

பின்னேரங்களில் நான் பின்முற்றத்தில் நின்று கூரைகளில் எழும்புகிற புகையை எண்ணுவேன். நாற்பத்தேழு. கணக்கு அவ்வளவு நேராக வந்தது என் வாழ்க்கையில் குறைவு. ஒருநாள் குசினிக்குள் போனபோது மனைவியின் பானை பெரிய அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்தது. கொடியில் ஒன்றும் இல்லை.

"அதில ஒரு கேத்தில் தண்ணியாவது வைக்கலாமே, சூடு வீணாப் போகுது" என்றேன்.

"அது ராத்தாவின்ர பக்கம்" என்றாள் மனைவி, திரும்பிப் பார்க்காமல்.

அந்த வீட்டில் நாங்கள் இருந்த காலம் வரைக்கும் அந்தக் கொடி வெறுமனே சூடாகிக்கொண்டிருந்தது. விறகு வீணாகிறது என்று நான் பிறகு சொல்லவில்லை.